நாளிதழில் வராத திருத்தம்

அனைவருக்கும் வணக்கம்.

அரசமைப்புச் சட்டத் திருத்தம் என்றாலே நம் ஊர்ப் பேச்சு எண்ணிக்கையில் போய் நின்றுவிடும். மூன்றில் இரண்டு பங்கு இருக்கிறதா, யார் வெளிநடப்புச் செய்வார்கள், எந்தக் கட்சியை வளைக்க வேண்டும் என்று கணக்குப் போடுவோம். இன்று நான் அந்தக் கணக்கைப் பேசப் போவதில்லை. நாளிதழின் உள்பக்கத்தில், ஏல அறிவிப்புக்கும் பெயர் மாற்ற அறிவிப்புக்கும் பக்கத்தில், பொடி எழுத்தில் வருகிற ஓர் அரசு அறிவிப்பைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அந்த அறிவிப்பு வராமல் போனதால் ஒரு முழுத் திருத்தமே விழுந்துபோன கதை அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 2021-இல் நடந்தது. எனக்கு அது ஒரு பெரிய பாடமாகப் படுகிறது.

முதலில் ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் மாநிலங்களுக்குத் தனி அரசமைப்புச் சட்டம் கிடையாது. ஜம்மு காஷ்மீருக்கு மட்டும் 1957 முதல் 2019 வரை ஒன்று இருந்தது. அமெரிக்காவில் அப்படியில்லை. 50 மாநிலங்களுக்கும் 50 அரசமைப்புச் சட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித் திருத்த முறை. டெலவேர் தவிர மற்ற எல்லா மாநிலங்களிலும் சட்டமன்றம் கொண்டுவரும் திருத்தத்துக்கு மக்கள் நேரடியாக வாக்களித்தே ஆக வேண்டும்.

பென்சில்வேனியாவின் முறையைப் பாருங்கள். அரசமைப்புச் சட்டத்தின் 11-ஆவது பகுதியில் இருக்கிறது. திருத்தத்தை எந்த அவையிலும் கொண்டுவரலாம். இரு அவைகளிலும் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை வேண்டும். கீழவையில் 203 பேர், ஆகவே 102. செனட்டில் 50 பேர், ஆகவே 26. யார் எப்படி வாக்களித்தார் என்பது பெயரோடு அவைக் குறிப்பில் ஏற வேண்டும். அத்தோடு முடியவில்லை. அடுத்து ஒரு பொதுத்தேர்தல் நடக்க வேண்டும். அதில் தேர்ந்தெடுக்கப்பட்டு வரும் புதிய சட்டமன்றம் அதே வாசகத்தை மறுபடி நிறைவேற்ற வேண்டும். அப்புறம்தான் மக்கள் வாக்கெடுப்பு.

இந்த இரண்டு நிறைவேற்றத்துக்கும் நடுவில்தான் நம் கதாநாயகன் வருகிறான். முதல் முறை நிறைவேறியதும், மாநிலச் செயலாளர் அந்தத் திருத்தத்தை, அடுத்த பொதுத்தேர்தலுக்கு மூன்று மாதம் முன்பு, ஒவ்வொரு கவுன்டியிலும், அதாவது நம்மூர் மாவட்டம் மாதிரியான பிரிவிலும், குறைந்தது இரண்டு நாளிதழ்களில் வெளியிட வேண்டும். பென்சில்வேனியாவில் 67 கவுன்டிகள். ஃபிலடெல்ஃபியா மாதிரி பெருநகரமும் உண்டு, காடும் மலையுமாக ஆள் குறைந்த கவுன்டிகளும் உண்டு. எல்லாவற்றிலும் வர வேண்டும். இரண்டாவது முறை நிறைவேறிய பிறகு மறுபடியும் அதே மாதிரி வெளியிட வேண்டும்.

ஏன் தேர்தலுக்கு முன்னால்? இந்தக் கேள்வியில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

வாக்கெடுப்புக்கு முன்னால் வெளியிடுவது யாருக்கும் புரியும். மக்கள் எதற்கு வாக்களிக்கிறோம் என்று தெரிந்து வாக்களிக்க வேண்டும். ஆனால் முதல் வெளியீடு அதற்காக அல்ல. அது சட்டமன்றத் தேர்தலுக்காக. உங்கள் தொகுதியில் நிற்கும் வேட்பாளரைப் பார்த்து, “அய்யா, இப்படி ஒரு திருத்தம் அரைவாசி நிறைவேறிக் கிடக்கிறதே, நீங்கள் ஜெயித்துப் போனால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்க உங்களுக்கு மூன்று மாதம் கொடுக்கிறார்கள். பதில் பிடிக்காவிட்டால் வேறு ஆளுக்குப் போடலாம். அதாவது மக்கள் இந்தத் திருத்தத்தை இரண்டு முறை எடை போடுகிறார்கள். ஒரு முறை ஆளைப் பார்த்து, ஒரு முறை வாசகத்தைப் பார்த்து. அந்த அறிவிப்பு வராவிட்டால் முதல் எடை போடுதல் நடக்கவே இல்லை என்று பொருள்.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? 1776-க்குப் போக வேண்டும். விடுதலைப் பிரகடனம் வெளியான அதே ஆண்டில், அதே ஃபிலடெல்ஃபியாவில், பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தலைமையில் கூடிய மாநாடு பென்சில்வேனியாவுக்கு முதல் அரசமைப்புச் சட்டத்தை எழுதியது. மேலவையே கிடையாது, ஒரே அவை. அப்படியானால் அவசரப்பட்டுச் சட்டம் போட்டால் தடுப்பது யார்? மக்கள்தான் என்றார்கள். பொது மசோதா எதுவானாலும் கடைசி வாசிப்புக்கு முன் மக்கள் பார்வைக்காக அச்சிடப்பட வேண்டும். திடீர் நெருக்கடி தவிர மற்ற நேரத்தில் அடுத்த கூட்டத்தொடர் வரை அதைச் சட்டமாக்கக் கூடாது. அவை கூடியிருக்கும் காலத்தில் நடவடிக்கைகள் வாரந்தோறும் அச்சாக வேண்டும். அவையின் கதவு பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும். இதெல்லாம் அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

அதில் தணிக்கையாளர் மன்றம் என்று ஓர் அமைப்பும் உண்டு. ஏழு ஆண்டுக்கு ஒரு முறை மக்கள் தேர்ந்தெடுப்பார்கள். அரசமைப்பு மீறப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதும், திருத்தம் வேண்டுமானால் மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு மாநாட்டைக் கூட்டுவதும் அதன் வேலை. அப்படிக் கூட்டினால், எந்தெந்தப் பிரிவு மாறப்போகிறது என்பதை மாநாட்டு உறுப்பினர்களின் தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பே வெளியிட வேண்டும். காரணத்தையும் சேர்த்தே எழுதினார்கள்: மக்கள் முன்கூட்டியே யோசித்து, தங்கள் பிரதிநிதிகளுக்கு இன்னது செய், இன்னது செய்யாதே என்று அறிவுறுத்த வாய்ப்பு வேண்டும். அந்த மன்றம் 1783-இல் கூடியது. மாநாட்டைக் கூட்டத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு சேரவில்லை. 1790-இல் புதிய சட்டம் வந்ததும் மன்றமே போய்விட்டது. ஆனால் அந்த எண்ணம் போகவில்லை. 1838-இல் வந்த அரசமைப்புச் சட்டம் இன்றைய முறையின் அச்சை வார்த்தது: இரண்டு சட்டமன்றங்கள், நடுவில் ஒரு தேர்தல், அதற்கு மூன்று மாதம் முன் நாளிதழில் அறிவிப்பு. அப்போது கவுன்டிக்கு ஒரு நாளிதழ் போதும். 1874-இல் இரண்டாக்கினார்கள்.

1838 சட்டத்தைப் புகழ்ந்துவிட்டு ஓர் உண்மையை மறைத்துப் போக எனக்கு மனம் வரவில்லை. மக்களுக்கு அறிவி என்று சொன்ன அதே சட்டம்தான் வாக்குரிமைப் பிரிவில் ‘வெள்ளையர்’ என்ற சொல்லைச் சேர்த்து, அதுவரை வாக்களித்து வந்த கறுப்பின ஆண்களின் உரிமையைப் பறித்தது. ராபர்ட் பர்விஸ் 40,000 குடிமக்களின் பெயரால் ஒரு முறையீட்டை எழுதி அச்சிட்டு ஊரெங்கும் வழங்கினார். அந்த வாசகத்தை நிராகரியுங்கள் என்று வாக்காளர்களைக் கேட்டார். பலிக்கவில்லை. முறை ஒழுங்காக இருப்பதாலேயே முடிவு நியாயமாக வந்துவிடாது.

சரி, இந்த அறிவிப்பைச் சும்மா ஒரு சடங்கு என்று யாராவது நினைத்தார்களா? நினைத்தார்கள். இரண்டு முறை நீதிமன்றம் வரை போனது.

முதல் வழக்கு 1900-இல். சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தங்களை ஆளுநர் வில்லியம் ஸ்டோன் நிராகரித்தார். ஆளுநரே மறுத்துவிட்டார், நான் ஏன் வெளியிட வேண்டும் என்று மாநிலச் செயலாளர் கிரீஸ்ட் இருந்துவிட்டார். மாநில உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: அரசமைப்புத் திருத்தம் சாதாரணச் சட்டம் அல்ல, அதில் ஆளுநரின் கையெழுத்துக்கு இடமே இல்லை, செயலாளர் வெளியிட்டுத்தான் ஆக வேண்டும். நம்மூரில் மசோதாக்கள் ஆளுநர் மாளிகையில் ஆண்டுக்கணக்கில் கிடந்ததைப் பார்த்த நமக்கு இந்தத் தீர்ப்பின் அருமை புரியும். மக்களிடம் போக வேண்டிய காகிதத்தை நடுவழியில் நிறுத்தும் அதிகாரம் ஓர் அதிகாரிக்கு இல்லை.

இரண்டாவது, 1992-இல் வந்த கிரெமர் வழக்கு. நீதிபதிகள் மீதான புகார்களை விசாரிக்கும் முறையை மாற்றும் திருத்தம். நல்ல திருத்தம்தான், எதிர்ப்பும் பெரிதாக இல்லை. ஆனால் அறிவிப்பு மூன்று மாத வரையறைக்குள் வெளியாகவில்லை. கொஞ்சம் தாமதம்தானே, மக்கள்தான் பிறகு எப்படியும் வாக்களிக்கப் போகிறார்களே என்ற வாதம் எடுபடவில்லை. அந்தக் குறை பின்னால் எதைச் செய்தும் சரியாகாத குறை என்றது நீதிமன்றம். காரணம் நான் முன்னே சொன்னதுதான்: வேட்பாளரின் நிலைப்பாட்டைக் கேட்டறியும் வாய்ப்பு வாக்காளருக்குப் போய்விட்டது. அந்தச் சீர்திருத்தம் மறுபடி முதலிலிருந்து தொடங்கி, 1993 மே மாத வாக்கெடுப்பில்தான் அரசமைப்பில் ஏறியது.

இவ்வளவு கண்டிப்பான தீர்ப்புக்குப் பிறகும் 2021-இல் அது நடந்தது.

பின்னணியைச் சொல்கிறேன். 2018 ஆகஸ்டில் பென்சில்வேனியாவின் ஆறு கத்தோலிக்க மறைமாவட்டங்களில் குழந்தைகளுக்கு நடந்த பாலியல் கொடுமை பற்றி, பெரும் நடுவர் குழு எனப்படும் குடிமக்கள் விசாரணைக் குழுவின் அறிக்கை வெளியானது. 300-க்கும் மேற்பட்ட பாதிரியார்கள் மீது குற்றச்சாட்டு. அடையாளம் காணப்பட்ட குழந்தைகள் மட்டும் 1,000-க்கு மேல். பல பத்தாண்டுகளாக நடந்தது, பல பத்தாண்டுகளாக மறைக்கப்பட்டது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு வழக்குத் தொடுக்கும் காலவரம்பு எப்போதோ முடிந்திருந்தது. அப்போதைய சட்டப்படி 30 வயதுக்குள் உரிமையியல் வழக்குப் போட வேண்டும். சிறுவயதில் நடந்ததை வெளியே சொல்லவே பலருக்கு நாற்பது, ஐம்பது வயதாகிறது என்பது அந்த அறிக்கையைப் படித்தவர்களுக்குத் தெரியும்.

2019 நவம்பரில் அந்த வயது வரம்பை 55 ஆக்கிச் சட்டம் வந்தது. ஆனால் இனிமேல் நடப்பவற்றுக்கு மட்டும். ஏற்கெனவே காலம் கடந்துபோனவர்கள் வழக்குப் போட இரண்டு ஆண்டுகள் கதவைத் திறந்துவிடலாம் என்ற யோசனைக்கு, மாநில அரசமைப்பே தடையாகும் என்ற வாதம் குறுக்கே வந்தது. அப்படியானால் அரசமைப்பையே திருத்துவோம் என்று அதே மாதம் இரு அவைகளும் திருத்தத்தை முதல் முறை நிறைவேற்றின. இதற்காகப் பாடுபட்டவர்களில் ஒருவர் கீழவை உறுப்பினர் மார்க் ரோஸி. சிறுவனாக இருந்தபோது தனக்கு ஒரு பாதிரியாரால் நேர்ந்ததை அவரே பொதுவெளியில் பேசியவர்.

அடுத்த பொதுத்தேர்தல் 2020 நவம்பர் 3. ஆகஸ்ட் தொடக்கத்துக்குள் அறிவிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்தக் கோடையில் அதே அலுவலகம் வேறு திருத்தங்களை ஒழுங்காக வெளியிட்டது. ஆளுநரின் நெருக்கடி நிலை அதிகாரத்தைக் குறைக்கும் திருத்தங்கள் வெளியாயின, இனப் பாகுபாட்டைத் தடுக்கும் திருத்தம் வெளியானது. இது மட்டும் விட்டுப்போனது. விட்டுப்போனது என்று மாதக்கணக்கில் யாருக்கும் தெரியவும் இல்லை. 2021 ஜனவரியில் புதிய சட்டமன்றம் கூடியது, கீழவை இரண்டாவது முறை நிறைவேற்றியது, மே மாத வாக்கெடுப்புக்கு எல்லோரும் தயாரானார்கள். பிப்ரவரி 1 அன்று அரசு அறிவித்தது: நாளிதழ் அறிவிப்பு வெளியிடப்படவே இல்லை, ஆகவே மே மாதம் வாக்கெடுப்பு நடக்காது. மாநிலச் செயலாளர் கேத்தி பூக்வார் பதவி விலகினார்.

அன்று அந்தச் செய்தியைக் கேட்டவர்களை நினைத்துப் பாருங்கள். காலவரம்பு முடிந்துவிட்டது என்று ஒரு முறை திருப்பி அனுப்பப்பட்டவர்கள். இப்போது அரசே ஒரு காலவரம்பைத் தவறவிட்டுவிட்டது, அதனால் நீங்கள் இன்னும் இரண்டு ஆண்டாவது காத்திருக்க வேண்டும் என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. எதிரிகள் தோற்கடித்திருந்தால் கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஓர் அலுவலகத்தின் கவனக்குறைவால் தோற்பது வேறு வகை வலி.

மாநிலத் தலைமை ஆய்வாளர் விசாரித்து 2021 மே மாதம் அறிக்கை தந்தார். வேண்டுமென்றே யாரும் செய்ததற்கு ஆதாரம் இல்லை. எழுதி வைத்த நடைமுறை சரியாக இல்லை, ஊழியர்களுக்குப் போதிய பயிற்சி இல்லை, மேலதிகாரிகளின் கண்காணிப்பு இல்லை, ஒரு பிரிவு இன்னொரு பிரிவுக்குச் சொல்லவில்லை. அரசு அலுவலகத்தை அறிந்த எவருக்கும் இதில் புதிதாக எதுவும் இருக்காது. எனக்கு உறைப்பது வேறு. இவ்வளவு கனமான கடமையை அரசமைப்பு ஒரே ஓர் அலுவலகத்தின் தலையில் வைத்துவிட்டு, அது நடந்ததா என்று பார்க்க இன்னொரு கண்ணை வைக்கவில்லை. சட்டமன்றச் செயலகமாவது, திருத்தம் கொண்டுவந்த உறுப்பினராவது, ஆகஸ்ட் மாத நாளிதழைப் புரட்டிப் பார்க்கும் ஏற்பாடு இருந்திருந்தால், அது தேர்தலுக்கு முன்பே வெளிப்பட்டிருக்கும்.

வேறு வழி இல்லையா என்று கேட்பீர்கள். ஒன்று இருக்கிறது. பெரும் நெருக்கடி வந்தால், இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு ஒரே முறையில் நிறைவேற்றி, உடனே நாளிதழில் வெளியிட்டு, ஒரு மாதம் கழித்து வாக்கெடுப்பு நடத்தலாம். 1970-களில் வெள்ளம் புரட்டிப் போட்டபோது அந்த வழி பயன்பட்டது. இன்றும் அந்த அரசமைப்பின் 8-ஆவது பகுதியைத் திறந்தால், 1971 செப்டம்பர், 1972 ஜூன் என்று பெரும் புயல் வெள்ளங்களின் மாதமும் ஆண்டும் சட்ட வாசகத்திலேயே இருப்பதைப் பார்க்கலாம். கவனியுங்கள், ஊர் மூழ்கும் நேரத்திலும் நாளிதழ் அறிவிப்பை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை, காலத்தை மட்டும்தான் சுருக்கினார்கள். 2021-இல் இந்த வழியை எடுக்கலாம் என்று முயற்சி நடந்தது. இது அந்த வகை நெருக்கடி அல்ல என்று செனட் தலைமை ஒப்பவில்லை.

நம் நாட்டை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கிறேன். பொருளாதாரத்தில் பின்தங்கியோருக்கு இடஒதுக்கீடு தந்த 103-ஆவது திருத்தம் 2019 ஜனவரி 8 அன்று மக்களவையில் அறிமுகமாகி அன்றே நிறைவேறியது. மறுநாள் மாநிலங்களவை. 12-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல். 14-ஆம் தேதி நடைமுறை. திருத்தம் சரியா தவறா என்பது இங்கே என் கேள்வி அல்ல. ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டம் மாறுவதை அந்த நாட்டு மக்கள் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் நேரத்தில், நடந்து முடிந்த பிறகு செய்தியாகத் தெரிந்துகொண்டார்கள். நம் 368-ஆவது பிரிவில் முன்கூட்டி மக்களுக்கு வெளியிட வேண்டும் என்ற ஒரு வரி இல்லை. இருந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். மூன்று மாதம் வேண்டாம், ஒரு மாதமாவது, எட்டாவது அட்டவணை மொழிகள் எல்லாவற்றிலும்.

வெளியிட்டால் மட்டும் போதுமா? போதாது. எப்படி எழுதி வெளியிடுகிறோம் என்பதும் முக்கியம். பென்சில்வேனியாவில் நீதிபதிகளின் ஓய்வு வயதை 70-இலிருந்து 75 ஆக்கும் திருத்தம் 2016 ஏப்ரலில் வாக்குச்சீட்டில் இருந்தது. தற்போதைய 70-லிருந்து உயர்த்தலாமா என்பதே கேள்வி. அந்த வாக்கெடுப்பு கணக்கில் வராது, நவம்பருக்குத் தள்ளிவைக்கிறோம் என்று சட்டமன்றம் கடைசி நேரத்தில் முடிவெடுத்தது. சீட்டு அச்சாகிவிட்டதால் மக்கள் வாக்களித்தார்கள், சிறிய வித்தியாசத்தில் வேண்டாம் என்றார்கள். நவம்பரில் கேள்வியின் வாசகம் மாறியிருந்தது. நீதிபதிகள் 75 வயதில் ஓய்வு பெற வேண்டும் என்று திருத்தலாமா? இப்போது 70 என்ற செய்தியே அதில் இல்லை. ஏதோ புதிதாக வயது வரம்பு கொண்டுவருகிறார்கள் என்று படிப்பவர் நினைப்பார். சிறிய வித்தியாசத்தில் நிறைவேறிவிட்டது. முன்னாள் தலைமை நீதிபதிகள் இருவர் இதை எதிர்த்து வழக்குப் போட்டிருந்தார்கள். உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு மூன்று என்று பிரிந்து நின்றதால் எதுவும் நடக்கவில்லை. இது எனக்குக் கோபம் வரவழைக்கும் சம்பவம். முறைப்படி எல்லாம் வெளியாயிற்று, வாக்காளருக்குத் தெரிய வேண்டிய ஒரே ஒரு எண் மட்டும் கேள்வியில் இல்லை.

ஒவ்வொரு திருத்தத்துடனும் தலைமை வழக்குரைஞர் எளிய நடையில் ஒரு விளக்கம் எழுதி அதையும் சேர்த்து வெளியிட வேண்டும் என்று அங்கே சட்டம் இருக்கிறது. அது நல்ல ஏற்பாடு. ஆனால் வாக்குச்சாவடிக்குள் போனவர் கையில் இருப்பது அந்த ஒற்றைக் கேள்விதான்.

இன்னொரு விதியும் உண்டு: இரண்டு திருத்தம் என்றால் இரண்டு வாக்கு, ஒன்றாகக் கட்டக் கூடாது. 2019-இல் குற்றத்தால் பாதிக்கப்பட்டோர் உரிமைகள் என்று பல உரிமைகளை ஒரே கேள்வியில் வைத்தார்கள். வாக்களித்தவர்களில் நான்கில் மூன்று பங்குக்குப் பக்கமாக ஆதரித்தார்கள். ஆனாலும் 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது.

இன்று நாளிதழை யார் படிக்கிறார்கள், இணையத்தில் போட்டால் போதாதா என்று இளைஞர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அமெரிக்காவில் சிற்றூர் நாளிதழ்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வருகின்றன. ஒரு கவுன்டிக்கு இரண்டு என்ற விதி நாளைக்குச் சிக்கலாகலாம். இணையத்திலும் போடட்டும், கட்டாயம் போடட்டும். ஆனால் இணையப் பக்கத்தை இரவோடு இரவாக மாற்றலாம், தேதியையும் மாற்றலாம். ஆகஸ்ட் 2-ஆம் தேதி நாளிதழில் அச்சானதை ஆகஸ்ட் 3-ஆம் தேதி யாரும் அழிக்க முடியாது. நீதிமன்றத்தில் அந்தத் தாளைக் காட்டலாம். 2021-இல் அறிவிப்பு வரவில்லை என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்ததும் அதனால்தான். ஆகவே தாளை விட்டுவிடாதீர்கள் என்பது என் கட்சி.

அந்தத் திருத்தம் என்ன ஆயிற்று என்று சொல்லி முடிக்கிறேன். 2021-இலேயே மறுபடி முதல் படியிலிருந்து தொடங்கி, இரு அவைகளிலும் நிறைவேற்றினார்கள். அடுத்த சட்டமன்றம் 2023 ஜனவரியில் கூடியது. மார்க் ரோஸியே கீழவைத் தலைவராகத் தேர்வானார். செனட் இந்தத் திருத்தத்தை, வாக்காளர் அடையாள அட்டை பற்றிய ஒன்றோடும் அரசு விதிமுறைகள் பற்றிய இன்னொன்றோடும் ஒரே மசோதாவில் சேர்த்து அனுப்பியது. கீழவை இதை மட்டும் தனியாகப் பிரித்து பிப்ரவரி இறுதியில் நிறைவேற்றியது. செனட் அதை எடுத்துக்கொள்ளவில்லை. 2023 மே மாத வாக்குச்சீட்டில் அந்தக் கேள்வி இல்லை.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.